கல்யாண ஆபீஸின் கறுப்புத் திரை

முந்நூற்றுப் பன்னிரண்டு வரன்களையும் அழித்துவிட்டு, காந்திமதி அக்கா ஒன்றும் நடக்காததுபோல் பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் போனைக் கேட்டு ஷேர் ஆட்டோவில் வந்து குதித்து, மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி வந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

விழுப்புரத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிறது அக்காவின் திருமணத் தகவல் மையம். அங்கிருக்கும் கம்ப்யூட்டர், மவுஸை அசைத்தால் யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் ஒரு கல்யாணமே முடிந்துவிடும்.

அதனால் மவுஸே தேவைப்படாத ஒரு நிரலைச் சும்மா எழுதிக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். கீழே பதிலை அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. எனக்கு வயது முப்பத்து நான்கு. எட்டு வருடம் பெங்களூருவில் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசிவிட்டு ஊருக்கு வந்திருப்பவன். போன மாதம் திண்டிவனம் போய்க் கலைப்பிரியாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பெண் வீட்டாரின் சம்மதம் அக்கா வழியாகத்தான் வந்தாக வேண்டும். வருகிற வழி பழுதில்லாமல் இருக்கட்டுமே என்று பார்த்தேன்.

இப்படிப்பட்ட நிரல் எழுதுவதற்கென்றே பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, இருக்கிறது. அதை வைத்து எழுதினால் நிரலுக்கு மரியாதை வந்துவிடும். தப்பாக அடித்தால் திட்டாது, 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று கேட்கும். சரியென்றால் பச்சை எழுத்து, தவறென்றால் சிவப்பு. எதையாவது அழிப்பதற்கு முன்னால் அனுமதி கேட்கும். எங்கள் வீட்டில்கூட என்னிடம் யாரும் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

நேற்று மாலைதான் அந்த அனுமதிக் கேள்வியைச் சேர்த்தேன். பாதுகாப்புக்காக!

காலையில் திறந்ததும் திரை கேட்டிருக்கிறது: 'பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? ஆம் / இல்லை.'

அக்கா 'ஆம்' என்று அடித்திருக்கிறார்.

'அழித்தால் திரும்பக் கிடைக்காது. உறுதியா?' அதற்கும் ஆம். மூன்றாவதாகச் சிவப்பு எழுத்தில் கிட்டத்தட்ட காலில் விழுந்திருந்தேன். அதற்கும் ஆம்.

"ஏன்க்கா?" என்றேன். குரலில் அழுகை வராமல் பார்த்துக்கொண்டேன்.

"பின்ன என்னா தம்பி? காலையில கட தொறந்து சாமி கும்பிட்டுக்கினு ஒக்காந்தா, மொத வார்த்தையே 'இல்ல'ன்னு அடிக்கச் சொல்லுது ஒன் பொட்டி. இது கல்யாண ஆபீஸ்ப்பா. இல்லன்னு ஆரம்பிச்சா அன்னிக்கி ஒரு ஜாதகமாவது பொருந்துமா?"

எதுவும் அடிக்காமல் வெறும் என்டரைத் தட்டினாலே 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் என்று திரையிலேயே எழுதி வைத்திருந்தேன். அதையும் அக்கா ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். படித்ததால்தான் வெறும் என்டரையும் தட்டவில்லை.

நல்லவேளையாக, நேற்றே பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். கால் மணி நேரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் செவ்வாய் தோஷம் உட்பட ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

இனி அந்த 'இல்லை'யைத் தூக்கியாக வேண்டும். 'வேண்டாம்' என்று மாற்றிக் காட்டினேன். அதுவும் கூடாது என்று அக்கா தலையை ஆட்டினார். 'ரத்து' என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி, நீங்களே சொல்லுங்கக்கா. இந்த ஆபீஸ்ல இல்லங்கறத எப்படித்தான் சொல்லுவீங்க?"

"'சொல்லி அனுப்புறோம்'னு போடு." யோசிக்கவே இல்லை அவர். "பொண்ணு வூட்டுக்குப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா? சொல்லி அனுப்புறோம்னுவாங்க. நானும் அதையே புள்ள வூட்டாண்ட சொல்லிடுவேன். அவங்க புரிஞ்சிக்கினு வேற எடம் பாக்கப் போய்டுவாங்க. இருவது வருசமா இதான்."

அசந்துபோனேன். பயன்படுத்துகிறவர் பேசும் மொழியில்தான் நிரலும் பேச வேண்டும் என்று பெங்களூருவில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசியிருக்கிறோம். ஒரு கூட்டத்திலும் இப்படி ஒரு வார்த்தை சிக்கியதில்லை.

உடனே மாற்றிக் கொடுத்தேன். 'பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? ஆம் / சொல்லி அனுப்புறோம்.'

அக்கா பூவை ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். சொல்லி அனுப்புறோம். என்டர்.

திரை பச்சையாகச் சிரித்தது. பட்டியல் பத்திரம். ஒரு வரனுக்கும் சேதமில்லை.

"இப்ப நல்லாப் புரியுது தம்பி" என்றார் அக்கா.

எனக்கும்தான் புரிந்தது. பென்டிரைவை உருவப் போன கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்த அக்கா, சட்டென்று குனிந்து பூவை எடுத்துக்கொண்டார்.

திண்டிவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இன்றைக்கு இல்லை, போன மாதம் பதினான்காம் தேதியே. அக்கா போன் செய்து, 'சொல்லி அனுப்புறாங்களாம் தம்பி' என்றார். ரொம்ப நன்றி அக்கா, ரொம்ப நன்றி என்று இரண்டு முறை சொன்னேன். மறுநாளே உட்கார்ந்து அவருக்காக இந்த நிரலை எழுத ஆரம்பித்தேன்.

போன் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடமும் அந்த நல்ல செய்தியைச் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் கேட்காமலேயே இன்னொரு தோசை வைத்தாள்.