த-வுக்குப் பதில் த

சிரித்தது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு, கறுப்பு அங்கிகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

அரசு வக்கீல் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"பழைய இனிஷியல் த. அப்பா பேரு தவசி. இப்பக் கேக்குறதும் த. அம்மா பேரு தங்கமலர். த-வுக்குப் பதில் த வேணுமாம், மை லார்ட். இதுக்கு ஒரு ரிட் மனு!"

நீதிபதி மனுவைப் புரட்டினார். முன்னால் ஒரு முறை. பின்னால் ஒரு முறை.

பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் வரும் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாயின் எழுத்தைப் போட்டால் என்ன என்று அந்த நீதிமன்றத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்று தள்ளுபடியானால் மகளுக்குக் கடைசிவரை அந்தப் பெயர்தான். மகள் வயிற்றில் இருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவனின் பெயர்.

அவளுடைய வக்கீல் பதறி எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எழுத்து மாறப்போறதில்ல. அப்புறம் என்னதான் மாறும்?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் மனப்பாடம் செய்து வந்த பதில் வேறு கேள்விக்கானது.

"த-ன்னா யாருன்னு பள்ளிக்கூடத்துல கேக்குறாங்கய்யா. பார்த்தே இல்லாத ஆளைச் சொல்லுதா இவ."

"பார்க்கலைன்னாலும் அப்பா அப்பாதானே," என்றபடி அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

நீதிபதி குனிந்தார். சற்றுமுன் கையெழுத்திட்ட வேறொரு தாள் அவர் முன்னால் கிடந்தது. தன் கையெழுத்தையே பார்த்தார். அதிலும் முன்னால் ஓர் எழுத்து.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பள்ளிச் சீருடையில் தாயை ஒட்டி நின்ற சிறுமியைப் பார்த்தார்.

"பாப்பா, உன் பேரு?"

"த. நறுமுகை."

"த-ன்னா?"

சிறுமி வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

ஸ்டெனோவின் பென்சில் காகிதத்தின் மேல் காத்திருந்தது. அரசு வக்கீலின் முகத்தில் கேலிச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

வரும் வழியிலேயே தாய் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். கும்பிடச் சொல்லிக்கொடுத்தாள். ஐயா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். இதைப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சிறுமி தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். காதோடு காதாகத்தான் கேட்டாள். முன்னால் இருந்த மைக் அதை அறை முழுக்கக் கொண்டுபோனது.

"எம்மா, உன்னையப் பேர் சொல்லலாமா? மரியாதை இல்லைன்னு பெரியம்மா வையாதா?"

பின்வரிசை மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பில் நீதிபதியும் இருந்தார்.

பேனா மூடியைத் திறந்தார்.

"சொல்லலாம் பாப்பா."

ஸ்டெனோ பக்கம் திரும்பினார்.

"உத்தரவோட முதல் வரி இதுதான், 'அம்மா பேரைச் சொல்லலாம்'. தமிழ்லயே இருக்கட்டும்."

பென்சில் ஓடத் தொடங்கியது. அவளுடைய வக்கீல் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்றோ என்னவோ.

அவள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.