அரை மணியில் பத்து வருடம்

கிட்டே வாங்க கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன்.

இணையத்தில் யோசனை கேட்டால் பதிலாகக் கனவு வரும் காலம் அது. "நாற்பத்தெட்டு வயசுல ஆபீஸ் வேலையை விட்டுப் பறவைகளைப் படம் எடுக்கலாமா, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டு, தணிகைவேல் மதியம் கண்ணயர்ந்தார். கனவில் ஏரிக்கரையில் பத்து வருடம் வாழ்ந்துவிட்டு, அரை மணியில் விழித்தார்.

மனைவி வசுமதி பயத்தை மறைத்துச் சிரித்தாள். "என்னங்க, வேலையை விடச் சொல்லிடுச்சா?"

"விட்டேன் வசு. பெரிய கேமரா, நல்ல பேரு. ஆனா ஒருநாள்கூட உன்னைக் கூப்பிடலை. கடைசியில உன் குரலே மறந்துபோச்சு." அவர் கண் கலங்கியது. "வேலை அது பாட்டுக்கு இருக்கட்டும், விடலை. ரெண்டு பைனாகுலர் வாங்குவோம். ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"கூப்பிட்டதும் வந்துடுவேனாக்கும்!" என்றவள், அப்போதே செருப்பைத் தேடினாள்.

உங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், கூட வர ஒருவர் இருக்கட்டும் கண்ணுகளா.