பிரானிகனின் உயிர் நண்பர்

தலையும் இரண்டு தோளும் ஜன்னலுக்கு வெளியே வந்துவிட்டன. வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. வெர்லின் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு உந்து உந்தினார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

பள்ளிக்கூடக் கழிப்பறையின் ஜன்னல் அது. முந்நூறு பவுண்டு ஆள் தப்பி ஓடுவதற்கென்று யாரும் அதை வைக்கவில்லை.

வெளியே காரிலிருந்து கேக்கை எடுத்துக்கொண்டு வந்த அவர் மனைவி ஆர்டித் அப்படியே நின்றாள்.

"என்ன பண்ற வெர்லின்?"

"வீட்டுக்குப் போறேன்."

"வாசல் வழியா போனா என்ன?"

"வாசல்ல ஊரே நிக்குது."

உள்ளே அரங்கில் மேயர் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். "இன்னும் பத்தே நிமிடங்களில், மாமனிதர் பிரானிகனும், அவரைக் கோட்டைச் சுவராய் நின்று காத்த உயிர் நண்பர், நம் மண்ணின் மைந்தர் வெர்லினும் இதே மேடையில் கட்டித் தழுவுவார்கள்." கைதட்டல் கழிப்பறைக் கதவை அதிர வைத்தது.

அமெரிக்கக் கால்பந்தில் வெர்லின் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடியவர். குனிந்து நின்று, பின்னால் நிற்கும் பிரானிகனுக்குக் கால் இடுக்கு வழியாகப் பந்தைக் கொடுப்பார். கொடுத்த மறுநொடி, எதிரே பாய்ந்து வருகிறவர்களைத் தன் உடம்பால் தடுப்பார். பந்தை வாங்கி வீசியதற்காகப் பிரானிகனுக்குச் சிலை வைத்தார்கள். வெர்லினுக்கு இரண்டு முழங்காலிலும் தையல் போட்டார்கள். அணியில் அவரைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. சட்டையில் இருந்த எண்தான் பெயர்: அறுபத்திநாலு.

ஊருக்குத் திரும்பி டயர் கடை போட்டபோது, பிரானிகன் தன் உயிர் நண்பன் என்று கதையைக் கொஞ்சம் ஊதிவிட்டார். கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது: 'பிரானிகனைக் காத்தவர், உங்கள் காரையும் காப்பார்.' அது ஆயிற்று முப்பது வருடம். முடி போய், தாடி வந்து, கதை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

"காலைல ஹோட்டல்ல அவனைப் பார்த்தேன்," என்றார் வெர்லின். "மூஞ்சிக்கு நேரா போய் நின்னு சிரிச்சேன்."

"என்ன சொன்னான்?"

"'கையெழுத்து யார் பேருக்குப் போடட்டும்'னு கேட்டான்."

ஆர்டித் கேக்கைக் காரின் மேல் வைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"உன் பேரைச் சொன்னேன்."

"அப்போ, வருஷா வருஷம் வான்கோழி விருந்தன்னிக்கு போனைத் தூக்கிட்டு கராஜுக்குப் போவியே, அவன்கூடப் பேசணும்னு?"

"அது போன்ல பதிவு பண்ணி வச்ச வானிலை அறிக்கை."

"அரை மணி நேரமா?"

"திரும்பத் திரும்பச் சொல்லும்."

ஆர்டித் ஜன்னலுக்குக் கிட்ட வந்தாள்.

"மேடையில நின்னு அவன் 'யார் இது'ன்னு கேட்டான்னு வை, அப்புறம் நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா? கையைப் பிடிச்சு இழு, ஆர்டித்."

அவள் இழுத்தாள். கோட்டின் தையல் விட்டது. வெர்லின் அசையவில்லை.

"மூணு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகர மாட்டேன்னு பெருமையடிப்பியே," என்றாள் மூச்சு வாங்கியபடி. "அது ஒண்ணாவது நிஜம்தான்."

அப்போது உள்ளே கழிப்பறைக் கதவு திறந்தது. வெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காலை அகட்டிக் குனிந்த வாக்கில், அவருடைய பின்பாதி மட்டும்தான் உள்ளே பாக்கி இருந்தது.

காலடிச் சத்தம் நெருங்கி வந்து, சட்டென்று நின்றது. காலையில் ஹோட்டலில் கேட்ட அதே குரல்.

"அடேய் அறுபத்திநாலு, நீ கொஞ்சம்கூட மாறலையேடா."