கப்பலேறும் பிள்ளை

பிரிக்ஃபீல்ட்ஸ் பூரணம் அழுத அழுகையில், கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஊதிய சங்கே யாருக்கும் கேட்கவில்லை. இளைஞர் தொண்டுச் சங்கத்தார் லண்டனுக்கு அனுப்பும் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"ராசா, குளிருக்குள்ள தலை முழுகாதை. எள்ளுருண்டையை வெள்ளைக்காரருக்குக் குடுத்துப்போடாதை!"

"குடுக்கமாட்டன் அம்மா. நீங்க அழாதையுங்கோ."

கப்பல் நகர்ந்தது. கணவர் வல்லிபுரம் கனைத்தார்.

"இஞ்சரும், சங்கம் சொன்னபடி அவன் எங்கட வீட்டிலை இருந்த ஒரு வருஷம் முடிஞ்சுது. அவன்ர தாய் லண்டனிலை பார்த்துக்கொண்டிருப்பா. இனித் திரும்பிப் பாரும். அவனுக்குப் பதிலா அங்கை போன எங்கட மகன் காலமை வந்திறங்கி, இரண்டு மணித்தியாலமாப் பெட்டியோட பின்னால நிக்கிறான்."

பூரணம் திரும்பாமலே கையசைத்தாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. வில்லியம் இன்னும் தெரியிறான்."