படியின் மேல் ஒரு துண்டு

நோன்புக் கஞ்சிக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி பள்ளிவாசலுக்குத் தருவது எங்கள் ஊர் வழக்கம். இப்போதெல்லாம் அளக்கும் படியே அரிசியைச் சோதித்துவிடும். பூஞ்சை நஞ்சு இருந்தால் சிவக்கும். ஒருமுறை சிவந்தால், அந்த வீட்டில் பிறகு யாரும் கை நனைப்பதில்லை.

ருகையா கொண்டுவந்த அரிசியைச் சமையல்காரர் காதர் மைதீன் படியில் கொட்டினார். படி சிவந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்ப்பதற்குள் தோள்துண்டை அதன்மேல் போட்டார்.

"என்ன பாய், படிக்குக் குளிருதா?" என்றது வரிசை.

ருகையாவின் இடுப்பில் இருந்த குழந்தையின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

"வீட்லயும் இதே அரிசிதானாம்மா?"

"ஒரே மூட்டைதான் மாமா. மழையில கூரை ஒழுகிடுச்சு. ஆனா அரிசி நல்லாத்தான் இருக்கு."

"கஞ்சிக்குன்னே விளைஞ்ச மாதிரி இருக்கு. மூட்டையோட எனக்குக் குடுத்துரு. எங்க வீட்டு மூட்டையை நீ எடுத்துக்க."

"அது பொன்னியாச்சே மாமா."

"பொன்னி கஞ்சிக்கு ஆகாது. பிள்ளைய இப்பவே டாக்டர்கிட்ட காட்டணும். வா, நானும் வர்றேன்."

திரும்பி வந்ததும் அந்த மூட்டையை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். பாங்கு ஒலித்தபோது கஞ்சிக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி, நோன்போடு பொய் சொன்னதற்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, அந்தக் குழந்தைக்காகவும் கேட்டார்.