கூரை மேல் பரீட்சை

"என் பொண்ணு வரிச்சட்டப் பரீட்சையைக் கூரை மேல உட்கார்ந்து எழுதினா, வூலா! சுத்தி வெள்ளம். இந்தப் பக்கம் ரெண்டு பாம்பு, அந்தப் பக்கம் ஒரு கோழி, மடியில கம்ப்யூட்டர். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது!"

மெர்வ் சொன்ன வேகத்தில் மடக்கு மேசையே ஒருமுறை ஆடியது. வியாழக்கிழமைதோறும் கடைத்தெரு வாசலில் அந்த மேசையைப் போட்டு, ஊர்க்காரர்களின் பிரமாணப் பத்திரங்களுக்குக் காசு வாங்காமல் முத்திரை குத்துபவள் வூலா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"பாம்பு கோழியை ஒண்ணும் பண்ணலையா?"

"பரீட்சை நடக்குதுன்னு பாம்புக்கே தெரியும். மூச்சு விடலை."

"போன மாசம் ஒரு பாம்புதான் இருந்துச்சு," என்றார் பின்னால் நின்ற ராஸ். "இந்த ஆளு சொல்லச் சொல்ல அது குட்டி போட்டுக்கிட்டே போகுது. எவளாவது கூரை மேல உட்கார்ந்து பரீட்சை எழுதுவாளா?"

ராஸ் பக்கத்து வீட்டுக்காரர். மெர்வின் முழங்கால் மக்கர் பண்ணும் இந்த மூன்று வருடமாக, அவரை எங்கும் அழைத்துப்போவது ராஸின் கார்தான். புல் வெட்டுவதும் ராஸ், ஞாயிறானால் சூடாக இறைச்சி அப்பம் கொண்டுவந்து வைப்பதும் ராஸ். ஊர் கிளப்பில் மற்றவர்கள் மெர்வின் கதைக்குப் பாவம் பார்த்துத் தலையாட்டுவார்கள். மூஞ்சிக்கு நேரே "புளுகு" என்பது ராஸ் ஒருவர்தான்.

மெர்வ் கொண்டுவந்த பல்கலைக்கழகக் கடிதத்தை வூலா விரித்தாள். மெர்வின் மகள் டீகன் படித்தது கணக்கியலும் சட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம். ஐந்தரை வருடம், நாற்பது தாள். முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவது வரிச்சட்டம். இரண்டு பட்டத்துக்கும் அது பொது. அது இல்லையென்றால் இரண்டுமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன், வெள்ளம் வந்த அன்று, வீட்டிலிருந்தே எழுதிய பரீட்சை. பாதியில் மின்சாரம் போய் மேற்பார்வைக் காமரா அணைந்துவிட்டது. விடைத்தாள் மட்டும் போன் இணைப்பில் பன்னிரண்டு இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இறந்துபோன மாணவர்களுக்கும் பட்டம் தர விதி உண்டு. ஆனால், எழுதியது டீகன்தான் என்று நேரில் பார்த்த ஒருவர் பிரமாணம் செய்ய வேண்டுமாம். நாளை குழு கூடுகிறது. அதோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

"அன்னிக்கு ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே, மெர்வ்?"

"கேட்டா கொடுத்திருப்பாங்க. படிச்சது மறந்துடும்னு அவளுக்குப் பயம். பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணினா. 'அப்பா, கூரை மேல இருக்கேன், எழுதிக்கிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்க, இறங்கினதும் பேசறேன்'னா." மெர்வ் சிரித்தார். "எனக்கே உத்தரவு போடறா, பாத்தியா?"

அவள் இறங்கவில்லை. மீட்புப் படகு வந்தபோது அங்கே கூரையே இல்லை.

"நீங்க நேர்ல பார்த்தீங்களா?" வூலா மெதுவாகக் கேட்டாள்.

"காதால பார்த்தேன்."

"அது செல்லாது, மெர்வ். 'நேரில் பார்த்தேன்'னு இங்க அச்சே அடிச்சிருக்கு."

"அதுக்கென்ன? நான் அங்கதான் இருந்தேன்னு போட்டுடறேன்." மெர்வ் பேனாவை எடுத்தார்.

"பொய்ப் பிரமாணம். ஜெயில்ல போடுவாங்க."

"போடட்டும். எங்க கிளப்புச் சாப்பாட்டுக்கு ஜெயில் சாப்பாடு எவ்வளவோ தேவலாமாம்."

"யோவ்!" ராஸ் குரல் உயர்ந்தது. "நீ அன்னிக்கு முழங்கால்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தே. ஊருக்கே தெரியும். அவ சட்டம் படிச்ச பொண்ணு. அவ பட்டத்துக்குப் பொய்ச் சத்தியம் பண்ணுவியா?"

"வேற யாருய்யா இருக்கா?" மெர்வின் சிரிப்பு முதல் முறையாக நின்றது. "தெருவே காலி. நீயும் முந்தின நாளே தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டே. என் புளுகை ஊரே ரசிக்குது ராஸ். இந்த ஒண்ணை மட்டும் யாராவது நம்பினா போதும்னுதான் மூணு வருஷமா நாய் மாதிரி அலையறேன். பாம்பு, கோழியெல்லாம் எதுக்குச் சேர்த்தேன்? அவ தனியா இருந்தாங்கிறதை என்னால நினைச்சுப் பார்க்க முடியலை."

மெர்வ் குனிந்து எழுதத் தொடங்கினார். எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கின. வாய் மட்டும் பழக்கத்தில் முணுமுணுத்தது: "பாம்பு, ரெண்டு... கோழி, ஒண்ணு..."

ராஸின் கை வந்து பேனாவைப் பிடித்தது.

"கோழி கிடையாது," என்றார். "பாம்பு ஒண்ணுதான். புகைபோக்கியைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு."

மெர்வ் நிமிர்ந்தார்.

ராஸ் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "நடந்தது, வூலா. என் பேரைப் போட்டு எழுதிக்கங்க. அன்னிக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போகவே இல்லை. உங்க வீட்டுக் கூரைதான் உசரம்னு நீந்தி வந்து ஏறினேன், மெர்வ். அவ தனியா இல்லை. முதல்ல ஒரு படகு வந்துச்சு, அதுல ஒரே ஒரு இடம். 'நீங்க ஏறுங்க ராஸ், எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு'ன்னா. ஏறிட்டேன்."