ஃப்ரீசருக்குப் பின்னால் மாவு

குன்னூர் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளுக்கு நான்கு வருடமாகக் குளிர் தேவையில்லை. காகிதத்தில் உலர்த்தி வைத்தாலே போதும். பன்னிரண்டு ஃப்ரீசர்களில் ஒன்று மட்டும் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. மின்சாரத் தணிக்கைக்கு வந்த போஜன் திறந்து பார்த்தார். உள்ளே காலி.

“நாலு வருஷமா எதுக்கும்மா ஓடுது?”

உதவியாளர் ரெஜினா அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். ஃப்ரீசர் கக்கும் சூட்டில், இட்லி மாவு சட்டி நிறையப் பொங்கியிருந்தது.

“இந்தக் குளிருல வேற எங்க சார் புளிக்கும்? முன்னெல்லாம் இருபது பேர், இதைச் சுத்தி உக்காந்துதான் சாப்பிடுவோம்.”

“இப்போ?”

“நானும் இதுவும்தான்.”

அவர் தயங்கி நிற்க, ரெஜினாவே சுவிட்சை அணைத்தாள். உறுமல் அடங்கியது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையில் அவளுக்குக் குளிரெடுத்தது.